உங்களுக்குத் தெரியுமா? – பிரெய்ரியில் தனித்து நிற்கும் ஆலயங்கள்

பள்ளிக்கூடப் புவியியலில் ஸ்டெப்பி, பாம்பாஸ், பிரெய்ரி என்று புல்வெளிகளை வரிசையாக மனப்பாடம் செய்திருப்போம். அந்தப் பிரெய்ரி கனடாவின் மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாகாணங்களில் விரிந்து, எல்லை தாண்டி அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, நெப்ராஸ்கா வரை போகிறது. அங்கே கோதுமை வயலுக்கு நடுவே, சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடுகூட இல்லாத இடத்தில், சாயம் வெளுத்த மரத்தேவாலயம் ஒன்று திடீரென்று கண்ணில் படும். கேமராவைத் தூக்கிக்கொண்டு இவற்றைத் தேடிப் போவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த முறை அந்த ஆலயங்களைப் பற்றியும், அவற்றைப் படமெடுப்பதைப் பற்றியும்.

✦ 1872-ல் கனடா அரசு ஒரு சட்டம் போட்டது. பத்து டாலர் கட்டிப் பதிந்தால் 160 ஏக்கர் நிலம். மூன்று வருடம் குடியிருந்து, உழுது, வீடு கட்டிக் காட்டினால் பட்டா. அமெரிக்கா இதேபோன்ற சட்டத்தை 1862-லேயே கொண்டுவந்திருந்தது. காணி நிலமில்லாத ஐரோப்பிய விவசாயிகள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளை ஒப்பந்தம் என்ற பெயரில் ஒதுக்கிவிட்டுத்தான் இந்தப் பட்டாக்கள் கொடுக்கப்பட்டன. ஆலயங்களின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது.

✦ உக்ரைனிலிருந்து கனடாவுக்கு முதலில் வந்தவர்கள் என்று வரலாறு குறிப்பது இரண்டே பேரை: இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக். வந்த ஆண்டு 1891. முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் சுமார் 1,70,000 உக்ரைனியர் வந்து சேர்ந்துவிட்டார்கள். புல்வெளியில் வெங்காய வடிவக் குவிமாடங்கள் முளைத்தது இவர்களால்தான்.

✦ மானிடோபாவின் கார்டன்டனில் உள்ள புனித மிக்கேல் ஆலயம் 1899-ல் கட்டி முடிக்கப்பட்டது. கனடாவின் முதல் உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் ஆலயமாகக் கருதப்படுவது இதுதான். மரக்கட்டைகளை அடுக்கிக் குடியேறிகளே எழுப்பியது.

✦ பிரெய்ரி முழுவதும் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம்போல அளக்கப்பட்ட நிலம். ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம் கொண்டது ஒரு கட்டம். அப்படி 36 கட்டங்கள் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். தெருப்பெயரோ கதவு எண்ணோ இல்லாத ஆலயத்தைக்கூட அந்தக் கட்ட எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். இந்த ஆலயங்களைத் தேடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கேமராவை அல்ல, இந்த நில அளவைக் கணக்கைத்தான்.

✦ இத்தனை ஆலயங்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். குதிரை வண்டிதான் காரணம். பனியில் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ஆலயம் இருந்தாக வேண்டும். போதாததற்கு, அடுத்தடுத்த பண்ணைகளில் ஜெர்மானிய லூத்தரன், பிரெஞ்சுக் கத்தோலிக்கர், ஐஸ்லாந்துக்காரர், ஹங்கேரியர், ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் என்று ஆளுக்கொரு சபை. வழிபாட்டு மொழியே வேறு. ஒரே கூரையின்கீழ் உட்காருவது எப்படி?

✦ இந்த ஆலயங்கள் வெறிச்சோடியதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்ல முடியாது. 1931-ல் சஸ்காட்செவனின் மக்கள்தொகை 9,21,785. ஒன்டாரியோ, கியூபெக்குக்கு அடுத்த பெரிய மாகாணம் அப்போது அதுதான். பிறகு வறட்சியும் புழுதிப் புயலுமாகப் பத்து வருடம் போயிற்று. இளைஞர்கள் போருக்கும் நகரத்துக்கும் போனார்கள். 1951-ல் கணக்கெடுத்தபோது 8,31,728 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். டிராக்டர் வந்ததும் நாலு குடும்பம் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழுதது. கார் வந்தது, நல்ல சாலை வந்தது, பெரிய ஊர் ஆலயத்துக்கே போய்வர முடிந்தது. தானியம் ஏற்றிய கிளை ரயில்பாதைகளைப் பிடுங்கியபோது, அவற்றை நம்பியிருந்த சிற்றூர்களும் கரைந்தன.

இன்னொன்றும் உண்டு. 1925 ஜூன் 10-ல் மெதடிஸ்ட், காங்கிரகேஷனல் சபைகளும் பிரெஸ்பிட்டேரியன்களில் பெரும்பகுதியினரும் சேர்ந்து கனடா ஐக்கிய சபை ஆனார்கள். ஒரே சிற்றூரில் இரண்டு கட்டடம் இருந்த இடங்களில் ஒன்று உபரி ஆகிவிட்டது.

✦ பிரெய்ரியின் மிக வியப்பான கட்டடக்காரர் என்று நான் நினைப்பது அருட்தந்தை ஃபிலிப் ரூவைத்தான். பிறப்பால் உக்ரைனியர் அல்ல. பிரான்ஸ், ஜெர்மனி இரண்டும் மாறி மாறி உரிமை கொண்டாடிய அல்சேஸ்-லொரேன் பகுதிக்காரர். உக்ரைனியக் கத்தோலிக்கரிடையே பணியாற்ற வந்து, அவர்களுக்காகவே பேராலயங்களை வடிவமைத்தார். மானிடோபாவின் குக்ஸ் க்ரீக்கில் ஒன்பது குவிமாடங்களோடு நிற்கும் அமலோற்பவ மாதா ஆலயத்தை 1930-ல் தொடங்கினார். வேலை 1952-ல்தான் முடிந்தது. பொருளாதாரப் பெருமந்தம், உலகப் போர் எல்லாவற்றுக்கும் நடுவில், பங்கு மக்கள் பெரும்பாலும் கூலி வாங்காமல் உழைத்துக் கட்டியது. இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

அதே ரூ, மவுன்டன் ரோடு என்ற இடத்தில் 1920களில் கட்டிய புனித மரியன்னை ஆலயம் 1966-ல் தீக்கு இரையானது. அதன் அழகை இனி பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பார்க்க முடியும்.

✦ உள்ளே நுழைந்தால் எதைப் பார்க்க வேண்டும்? புதிதாக வருகிறவர்கள் பலிபீடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். உக்ரைனிய ஆலயமென்றால் பெரும்பாலும் நீலம் பூசி, அச்சுத்தகடு வைத்துப் பொன்னிற நட்சத்திரங்கள் வரைந்திருப்பார்கள். ஓரிடத்தில் நட்சத்திரம் இருக்காது. வட்டத் தகரம் ஒன்று அறைந்திருக்கும். அடுப்பின் புகைக்குழாய் வெளியேறிய ஓட்டை அது. அதைச் சுற்றி மட்டும் நீலம் கறுத்திருக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் பளிங்குபோலத் தெரிவது பளிங்கல்ல. மரப்பலகையில் தூரிகையால் இழுத்த கோடுகள். புராட்டஸ்டன்ட் ஆலயமென்றால் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் பாமாலை எண்கள் செருகிய பலகை இருக்கும். கடைசி ஆராதனையில் பாடிய பாட்டுகளின் எண்கள் சில இடங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஜன்னல் கண்ணாடி பழையதாக இருந்தால் அதன் வழியே தெரியும் வயல் லேசாக நெளியும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். கூரை ஒழுகத் தொடங்கினால் முதலில் போவது இந்த வண்ணங்கள்தான்.

✦ சஸ்காட்செவனின் மியூன்ஸ்டர் ஊரில் உள்ள புனித பேதுரு பேராலயத்தில், ஆளுயரத்தில் 80 உருவங்களை பெர்த்தோல்ட் வான் இம்ஹோஃப் 1919-ல் வரைந்தார். அதே மாகாணத்தின் கிரேவல்பர்க் பேராலயத்துக்குள் ஓவியம் தீட்டியவர் அங்கே குருவாகவே இருந்த சார்ல்ஸ் மையார். 1921 முதல் 1931 வரை பத்து வருடம் வரைந்திருக்கிறார்.

✦ எல்லாமே மரம் அல்ல. சஸ்காட்செவனின் எஸ்டர்ஹாசி அருகே கபோஷ்வாரில் ஹங்கேரியக் குடியேறிகள் எழுப்பிய கல் ஆலயம் 1907-ல் முடிந்தது.

✦ போர்முனையில், குண்டு பறக்கும்போதே எடுக்கப்பட்ட உலகின் முதல் புகைப்படங்கள் என்று பலரும் குறிப்பிடுபவை ஒரு பிரெய்ரி ஆலயத்தின் கதையோடு சேர்ந்தவை. 1885 மே மாதம், லூயி ரியலின் தலைமையில் மேட்டி மக்கள் கனடா அரசை எதிர்த்து நின்றது இன்றைய சஸ்காட்செவனில் உள்ள பட்டோஷ் என்ற ஊரில். ஐரோப்பிய வணிகர்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வம்சத்தினர் மேட்டிகள். அவர்களின் புனித அந்தோணியார் ஆலயம் கட்டி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அரசுப் படையில் இருந்த கேப்டன் ஜேம்ஸ் பீட்டர்ஸ் கண்ணாடித் தகட்டுக் கேமராவைக் கூடவே எடுத்துப் போனார். சண்டை நடக்கும்போதே, சில சமயம் குதிரை மேல் இருந்தபடியே படமெடுத்தார். தோற்றபின் முகாமில் கைதியாக நிற்கும் ரியலையும் எடுத்தது அவர்தான். அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது. பக்கத்துக் குருமனையில் அந்தச் சண்டையின் குண்டுத் துளைகளையும் பார்க்கலாம். பட்டோஷுக்குப் போகிறவர்கள் ஆலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அந்தத் துளைகளை அருகில் போய் எடுங்கள்.

✦ பட்டோஷ் ஆலயத்தின் மணி என்று சொல்லப்பட்ட ஒன்றை அந்தப் போரில் வென்ற படையினர் ஒன்டாரியோவின் மில்புரூக் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1991-ல் அங்கிருந்து அது காணாமல் போயிற்று. 22 வருடம் கழித்து, 2013-ல் பட்டோஷிலேயே மக்கள் முன் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே திரண்டது. அடுத்த ஆண்டே ஆவணங்களைத் தோண்டிய ஆய்வு, அது உண்மையில் ஃபிராக் லேக் என்ற வேறொரு மிஷன் ஆலயத்தின் மணி என்று சொன்னது. மணியின் மேல் வார்த்திருக்கும் எழுத்துகளை அன்றே யாராவது தெளிவாகப் படமெடுத்து வைத்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது. மணிக்கூண்டில் ஏற முடிந்தால் மணியின் எழுத்துகளை விடாதீர்கள்.

✦ பிரெய்ரியில் சர்ச் மட்டுமா? சஸ்காட்செவனின் ஈடன்பிரிட்ஜில் யூதர்கள் 1906–08-ல் கட்டிய ஜெபாலயம் இன்னும் இருக்கிறது. ஆல்பர்ட்டாவின் மான்டிஃபியோர் குடியிருப்பில் இருந்த ஜெபாலயம் ஒரு வீடாகவே மாறிப் பல வருடம் இருந்தது; பிறகு அதை அடையாளம் கண்டு கால்கரியின் ஹெரிடேஜ் பார்க்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சஸ்காட்செவனின் வெரிகினில் டூகோபோர் மக்களின் 1917-ஆம் ஆண்டு பிரார்த்தனை இல்லம் இருக்கிறது. படைக்கலம் தொட மறுத்த அந்த மக்கள் ரஷ்யாவிலிருந்து தப்பி வர, 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தைத் தந்து உதவியவர் டால்ஸ்டாய்.

✦ கனடாவின் முதல் மசூதியான எட்மன்டனின் அல் ரஷீத் 1938-ல் திறக்கப்பட்டது. கட்டியவர் உக்ரைனிய வம்சாவளி ஒப்பந்தக்காரர். அவர் கைக்குப் பழகிய பாணி அதில் அப்படியே வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் உக்ரைனிய மாதா கோயில் என்றே நினைப்பீர்கள். இப்போது ஃபோர்ட் எட்மன்டன் பூங்காவில் இருக்கிறது.

✦ ஆல்பர்ட்டாவின் டிரம்ஹெல்லரில் உள்ள 'சின்ன தேவாலயம்' ஆறு பேர் மட்டுமே உட்காரக்கூடியது.

✦ படமெடுப்பதற்கு வருவோம். உக்ரைனிய ஆலயங்களில் பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. அதனால் முகப்பை எடுக்க மாலை வெயில், உள்ளே பலிபீடத்து ஜன்னல் ஒளிர வேண்டுமென்றால் காலை வெயில். ஜூன் கடைசியில் சாஸ்கட்டூன் பக்கம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும்; நிதானமாக எடுக்கலாம். டிசம்பர் கடைசியிலோ நட்டநடுப் பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 14 டிகிரிதான் ஏறும். நாள் முழுவதும் நீண்ட நிழல். மரப்பலகையின் ஒவ்வொரு ரேகையும் எழுந்து தெரியும். என்னைக் கேட்டால் இந்த ஆலயங்களுக்குக் குளிர்கால வெளிச்சத்துக்கு ஈடில்லை.

✦ பனிமீது நிற்கும் வெள்ளை ஆலயத்தைக் கேமராவின் கணக்குக்கு விட்டால் படம் சாம்பலாக வரும். ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். மைனஸ் முப்பது டிகிரியில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் கொண்டுவருமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்.

✦ கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோலத் தெரியும். இதைச் சரிசெய்யப் பழைய வியூ கேமராவில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்துவார்கள். 35 மி.மீ. கேமராவுக்கு இதே வசதியுள்ள லென்ஸை நிக்கான் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அதெல்லாம் இல்லாதவர்கள் பின்னால் போக வேண்டியதுதான். நகரத்தில் அடுத்த கட்டடம் முதுகில் இடிக்கும். பிரெய்ரியில் தடுக்க எதுவும் இல்லை. கோபுரம் நேராகும் வரை போய்க்கொண்டே இருக்கலாம்.

✦ ஆல்பர்ட்டாவின் மாண்டேர் ஊரில் பிறந்த ஓரெஸ்ட் செம்சிஷென் தொழிலால் கதிரியக்க மருத்துவர். எக்ஸ்ரே பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் பெரிய கேமராவோடு ஆல்பர்ட்டாவின் உக்ரைனிய ஆலயங்களைத் தேடிப் போனார். அந்தப் படங்கள் 1976-ல் எட்மன்டன் கலைக்கூடத்தில் கண்காட்சியாயின. ஜோடனை இல்லாமல், நேருக்கு நேர் நின்று எடுத்தவை. புயல் மேகமும் செக்கச் சிவந்த வானமுமாக இன்று குவியும் படங்களைவிட அவைதாம் அதிக நாள் நிற்கும் என்பது என் கருத்து.

✦ நெப்ராஸ்காவில் பிறந்த ரைட் மோரிஸ் நாவலாசிரியர், புகைப்படக்காரர் இரண்டும். அவர் எடுத்த சமவெளிக் கட்டடங்களின் படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்கள். 1957-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது அவருடைய நாவலுக்குக் கிடைத்தது.

✦ 2001-ல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அழியும் ஆபத்தில் உள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் வடக்கு டகோட்டாவின் பிரெய்ரி ஆலயங்களை மொத்தமாகச் சேர்த்தது.

✦ ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியக் கொல்லர்கள் அடித்த இரும்புச் சிலுவைகள் வடக்கு டகோட்டாவின் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் நிற்கின்றன. சூரியக் கதிரும் பூவும் இலையுமாக வளைத்திருப்பார்கள். மாலையில் வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் கொல்லரின் கைவேலை முழுக்கத் தெரியும்.

✦ யாரும் இல்லாத ஆலயம் என்றால் கேட்பாரற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு 364 நாளும் பூட்டிக் கிடந்து, பாதுகாவலர் திருநாளன்று மட்டும் திறக்கும் உக்ரைனிய ஆலயங்கள் பல. அன்று நகரத்திலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். பூசை முடிந்ததும் கல்லறை மந்திரிப்பு, பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. மற்ற நாட்களிலும் புல்லை வெட்டிவிட்டுப் போகிறவர் யாரோ ஒருவர் இருப்பார். சாவியும் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணை வீட்டில்தான் இருக்கும். கதவு தட்டிக் கேட்டால் திறந்துவிடுவதோடு கதையும் சொல்வார்கள். பூட்டை நெம்பி உள்ளே போனவருக்கு அந்தக் கதை ஒருநாளும் கிடைக்காது.

✦ சட்டமும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் சஸ்காட்செவனில் கிராமப்புற நிலத்துக்குள் போக முன்அனுமதி கட்டாயம். 'உள்ளே வராதே' என்ற பலகை இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கனடாவில் 250 கிராம் முதல் 25 கிலோ வரையுள்ள டிரோனுக்குப் பதிவும், பறக்கவிடுகிறவருக்குச் சான்றிதழும் வேண்டும்.

✦ பூட்டிக் கிடந்த கட்டடத்தில் உடல்நலத்துக்கும் ஆபத்து உண்டு. மான் எலி எனப்படும் ஒருவகைக் காட்டெலியின் எச்சத்திலிருந்து ஹான்டா வைரஸ் தொற்றலாம். உலர்ந்த புறா எச்சத்தின் தூசும் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அவசியம். உளுத்த தரையில் நடுவில் நடக்காமல், அடியில் உத்தரம் ஓடும் சுவரோரமாக நடப்பது நல்லது.

✦ எல்லா ஆலயமும் எல்லோருக்கும் இனிய நினைவு அல்ல. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகள் 1,50,000-க்கும் மேற்பட்டோரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகள். சஸ்காட்செவனின் லெப்ரே ஊரில் ஏரிக்கரையில் நிற்கும் கல் ஆலயமும், குன்றின்மேல் உள்ள சின்னக் கோயிலும் படத்துக்கு அத்தனை அழகு. அதே ஊரில் அப்படி ஒரு பள்ளி 1884 முதல் 1998 வரை நடந்தது. அந்தப் படத்தை வெளியிடுகிறவர் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அழகை மட்டும் காட்டுவது பாதி உண்மைதான்.

✦ சிலர் படத்தோடு இடத்தின் பெயரை வெளியிடுவதில்லை. மணி, திருவுருவப் படம், வண்ணக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் திருடர்கள் இருக்கிறார்கள். சரியான முன்னெச்சரிக்கை என்றே சொல்வேன். பொதுவில் மறைத்தாலும் ஆவணத்தில் சரியான இடத்தைக் குறித்து வைத்துவிட வேண்டும்.

✦ ஆல்பர்ட்டாவின் ஸ்மோக்கி லேக் அருகே இருந்த புனித ஒனுஃப்ரியஸ் ஆலயம் முழுதாகக் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, கியூபெக்கின் காட்டினோவில் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் மறுபடி நிறுத்தப்பட்டிருக்கிறது.

✦ அப்படி எல்லா ஆலயத்தையும் கூரைக்கடியில் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜான்-பால் ஹிம்கா, ஃபிரான்சஸ் ஸ்விரிபா, நடாலி கோனனென்கோ மூவரும் அதனால்தான் ஒரு ஆவணத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கிராமப்புற உக்ரைனிய ஆலயங்களுக்கு நேரில் போய் வெளிப்புறம், உட்புறம், திருவுருவங்கள், பாத்திரங்கள், துணிகள், கல்லறைகள் என்று ஒன்றுவிடாமல் படமெடுத்தார்கள்; பங்கு மக்களின் நினைவுகளையும் பதிவு செய்தார்கள். அழகான ஒரே படத்துக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட இந்தச் சலிப்பில்லாத வேலைக்குத்தான் என் முதல் வணக்கம்.

எட்மன்டன், கால்கரி, ரெஜைனா, வின்னிபெக் நகரங்களில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வாரக்கடைசியில் ஏதாவது ஒரு ஆலயத்தைத் தேர்ந்தெடுங்கள். உரியவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். நான்கு பக்கமும், உள்ளேயும், கல்லறைக் கற்களில் உள்ள பெயர்களையும் எடுங்கள். ஆலயத்தின் பெயர், நிலக் கட்ட எண், எடுத்த தேதி மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கோ மாகாண ஆவணக் காப்பகத்துக்கோ அனுப்பிவையுங்கள்.